வாசகர் கேள்வி – பதில்: ருவாண்டாவில் யார் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள்?

ருவாண்டா சனாதிபதி போல் ககாமே மூன்று விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். நல்லிணக்கத்தை வெளியார் யாரும் கொண்டுவந்து தர முடியாது. பதவியில் இருப்பவர் முதலில் தன் மக்களுக்குத்தான் பொறுப்புக்கூற வேண்டும். வெளிநாட்டு உதவியை, இனி உதவியே தேவையில்லை என்ற நிலைக்குப் போய்ச் சேரத்தான் பயன்படுத்த வேண்டும். சென்ற இதழில் இந்தக் கருத்துகளைச் சுருக்கமாகத் தந்திருந்தோம். குடாநாட்டின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இந்த ககாமே யார்? எங்கள் மேடைகளில் ஒருவர் அவரை உத்தமர் என்கிறார், இன்னொருவர் சர்வாதிகாரி என்கிறார். எது சரி?
– க. வி., சுன்னாகம்

பதில்: 1957இல் பிறந்தவர், ருவாண்டாவின் சிறுபான்மை டுட்சி இனத்தவர். சிறு வயதிலேயே குடும்பம் வன்முறைக்குத் தப்பி உகண்டாவுக்கு ஓடியது. அங்கே அகதி முகாமில் வளர்ந்து, பின்னர் உகண்டா சனாதிபதியான முசெவேனியின் படையில் சேர்ந்து போராடியவர். 1990 ஒக்டோபரில், உகண்டாவில் டுட்சி அகதிகள் அமைத்த ருவாண்டா தேசபக்த முன்னணி எல்லை தாண்டிப் போரைத் தொடங்கியது. அதன் தளபதி ஆரம்ப நாட்களிலேயே கொல்லப்பட்டதால் படையின் பொறுப்பு ககாமேயிடம் வந்தது. 1994 ஏப்ரல் 6 இரவு அப்போதைய ருவாண்டா சனாதிபதி, பெரும்பான்மை ஹூட்டு இனத்தவரான ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் ஹூட்டுத் தீவிரவாதிகள் தொடங்கிய இனப்படுகொலை ஏறத்தாழ 100 நாட்கள் நடந்தது. கொல்லப்பட்டோர் 8 இலட்சம் என்பது ஐ.நா. வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 10 இலட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. பெரும்பாலானோர் டுட்சிகள். கொல்ல மறுத்த ஹூட்டுகளும் அவர்களோடு கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையை நிறுத்தியது ஐ.நா. படையல்ல, ஜூலை 4ஆம் திகதி தலைநகர் கிகாலியைக் கைப்பற்றிய ககாமேயின் படை. அவருடைய அரசியல் செல்வாக்கு முழுவதும் இந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது.

2000ஆம் ஆண்டிலிருந்து அவரே சனாதிபதி. 2017 தேர்தலில் 98.79 சதவீதம், 2024இல் 99.18 சதவீதம் வாக்குகள். 2015இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பு அவர் 2034 வரை பதவியில் இருக்க வழி திறந்தது. எதிர்க்கட்சிகள் அச்சமின்றி இயங்கும் எந்த நாட்டிலும் 99 சதவீதம் வராது. அவர் சர்வாதிகாரிதான். நிர்வாகத் திறமை மிக்கவர் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டுப் பேசுபவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: ஊர்மக்களே நீதிபதிகளாக இருந்து இலட்சக்கணக்கான வழக்குகளை முடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி நடந்தது? எங்கள் ஊர்களில் அப்படி ஒன்று சாத்தியமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோப்பாய்

பதில்: அதன் பெயர் கச்சாச்சா. முன்னர் காணித் தகராறு, மாட்டுத் தகராறு ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்கள் புல்வெளியில் கூடித் தீர்த்த வழக்கம் அது. அந்தப் பெயரில் அரசு கட்டியது முற்றிலும் புதிய ஒரு நீதிமன்றம்.

தேவை எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,20,000 பேர் சிறைகளில் அடைபட்டிருந்தார்கள். படுத்து உறங்கவும் இடமில்லாத நெரிசல். நீதிபதிகளிலும் சட்டத்தரணிகளிலும் பெரும்பாலானோர் கொல்லப்பட்டோ நாட்டை விட்டு ஓடியோ போயிருந்தார்கள். சாதாரண நீதிமன்றங்கள் போன வேகத்தில் வழக்குகள் முடிய நூறாண்டுக்கு மேலாகும் என்ற நிலை. 2001இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர் நீதிபதிகளை மக்களே தெரிவு செய்தார்கள். 2002இல் சில இடங்களில் வெள்ளோட்டம், 2005இல் நாடு முழுவதும் தகவல் திரட்டல், 2006இலிருந்து எங்கும் விசாரணை, 2012 ஜூன் 18இல் மூடல்.

நடைமுறை இதுதான். முதற்கட்டத்தில் விசாரணையே கிடையாது, பட்டியல் மட்டும். ஒவ்வொரு சிற்றூரிலும் மக்கள் கூடி, படுகொலைக்கு முன் எந்தெந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், அவர்களில் யார் கொல்லப்பட்டார்கள், எங்கே, என்னென்ன சொத்து போனது, யார் மீது சந்தேகம் என்று வீடு வீடாக எழுதினார்கள். பிறகு சந்தேக நபர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். திட்டமிட்டவர்கள், தலைமை தாங்கியவர்கள், பாலியல் வன்முறை செய்தவர்கள் முதல் வகை. கொன்றவர்களும் தாக்கியவர்களும் இரண்டாம் வகை. சொத்தைச் சூறையாடியவர்கள் மூன்றாம் வகை. முதல் வகை சாதாரண நீதிமன்றங்களுக்குப் போனது, மற்ற இரண்டும் ஊரில் விசாரிக்கப்பட்டன.

ஒரு குழுவில் முதலில் 19 நீதிபதிகள் இருந்தார்கள். அத்தனை பேரைக் கூட்டுவது கடினம் என்று 2004இல் 9 ஆகவும் பின்னர் 7 ஆகவும் குறைத்தார்கள். சட்டப் படிப்புத் தேவையில்லை, சில நாள் பயிற்சி மட்டும், சம்பளம் இல்லை. நெருங்கிய உறவினரின் வழக்கு வந்தால் நீதிபதி எழுந்து போய்விட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அமர்வு. அது முடியும்வரை கடைகளும் திறக்கக் கூடாது.

தண்டனை முறைதான் இந்த ஏற்பாட்டின் உயிர். தன் பெயர் பட்டியலில் வருமுன் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட கொலையாளிக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 முதல் 12 ஆண்டுகள், அதில் பாதியைச் சமூக வேலையாகக் கழிக்கலாம். பெயர் வந்தபின் ஒப்புக்கொண்டால் 12 முதல் 15. மறுத்துக் குற்றவாளியாகக் காணப்பட்டால் 25 முதல் 30. ஒப்புதல் என்றால் வெறும் மன்னிப்புக் கேட்பதல்ல: என்ன செய்தேன், யாரோடு சேர்ந்து செய்தேன், உடலை எங்கே போட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் தம் உறவுகளின் எலும்புகளைக் கண்டெடுத்தது இந்த வாக்குமூலங்களால்தான். ஏறத்தாழ 12,000 ஊர் மன்றங்கள் 19 இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவு சொத்து வழக்குகள்.

எங்கே பிழை நடந்தது? பல ஊர்களில் மக்கள் தமக்குள் பேசிவைத்து வாய் திறக்க மறுத்தார்கள். காணிக்காகவும் பழைய பகைக்காகவும் பொய்க் குற்றச்சாட்டுகள் வந்தன. சம்பளமில்லாத நீதிபதிகள் சிலர் கையூட்டு வாங்கினார்கள். நீதிபதிகளாகத் தெரிவானவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீதே படுகொலைக் குற்றச்சாட்டு எழுந்து அவர்களை நீக்க நேர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி கிடையாது. சாட்சி சொன்னவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். 2008இல் பாலியல் வன்முறை வழக்குகளையும் ஊர் மன்றத்துக்கே மாற்றினார்கள். மூடிய அறையில்தான் விசாரணை என்றாலும், நீதிபதிகள் அயலவர்கள். எந்தப் பெண் போய்ச் சொல்வாள்? சொத்து வழக்குகளில் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பு வந்தது, ஆனால் சூறையாடியவரும் பரம ஏழை என்பதால் பல தீர்ப்புகள் காகிதத்திலேயே கிடந்தன. அரசு 1998இல் தப்பிப் பிழைத்தோர் நிதியம் ஒன்றை அமைத்து வீடு, கல்வி, மருத்துவம் கொடுத்தது. ஆளுக்கு இவ்வளவு என்று தனிநபர் இழப்பீட்டுச் சட்டம் கடைசிவரை வரவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ருவாண்டாவில் பாதிக்கப்பட்ட தரப்பு போரில் வென்று ஆட்சிக்கு வந்தது. விசாரிக்க விரும்பியது அரசு. இங்கே போர்க்கால மீறல்களுக்காகக் குற்றம் சாட்டப்படுபவர்களில் அரச படையினரே முதன்மையானவர்கள். ஊர்கூடி அழைத்தாலும் எந்த இராணுவ அதிகாரியும் வந்து நிற்கப்போவதில்லை. ஆகவே தீர்ப்பளிக்கும் கட்டம் நமக்குப் பொருந்தாது. கச்சாச்சாவைக் காட்டி, வெளியக விசாரணை வேண்டாம், உள்நாட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று கொழும்பில் யாராவது பேசினால், இந்த வேறுபாட்டை உடனே சுட்டிக்காட்ட வேண்டும்.

ஆனால் முதற்கட்டமான பட்டியலுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு கிராம அலுவலர் பிரிவை எடுத்துக்கொண்டு, காணாமல் ஆக்கப்பட்டோர் விபரத்தை வீடு வீடாக எழுதலாம்: முழுப் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட நாளும் இடமும், கண்டவர் யார், யாரிடம் கையளிக்கப்பட்டார், இதுவரை எங்கெங்கே முறையிடப்பட்டது, முறைப்பாட்டு இலக்கம் என்ன. கண்ணால் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். இவை கலந்துவிட்டால் பிற்காலத்தில் நல்ல சாட்சியமும் எடுபடாது. ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால் இரண்டையும் அப்படியே குறியுங்கள். நீங்களாகத் திருத்தினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். பிரதிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். முதிய தாய்மார் பலர் ஏற்கெனவே காலமாகிவிட்டார்கள். இந்த வேலைக்கு இனி அதிக காலம் இல்லை.

கேள்வி: தன் படை செய்த குற்றங்களுக்கு ககாமே பொறுப்புக்கூறினாரா?
– சி. த., நெல்லியடி

பதில்: மிகக் குறைவு. 1995 ஏப்ரலில் கிபெஹோ இடம்பெயர்ந்தோர் முகாமில் படையினர் சுட்டதில் இறந்தவர்கள் 338 பேர் என்றது அரசு. ஆயிரக்கணக்கில் என்றார்கள் அங்கிருந்தவர்கள். அயல்நாடான கொங்கோவில் 1993 முதல் 2003 வரை நடந்த மீறல்களைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2010இல் வெளியிட்ட அறிக்கை, ருவாண்டாப் படை ஹூட்டு அகதிகளைக் கொன்ற நிகழ்வுகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அரசு அதை முழுவதுமாக மறுத்தது. மூன்று ஆயர்கள் உள்ளிட்ட 13 மதகுருமார் 1994 ஜூனில் கொல்லப்பட்டதற்காக 2008இல் நான்கு அதிகாரிகள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். இருவருக்கு 8 ஆண்டுச் சிறை, அதுவும் பின்னர் 5 ஆகக் குறைந்தது. மற்ற இருவர் விடுவிக்கப்பட்டார்கள். கச்சாச்சாவின் அதிகாரத்திலிருந்து போர்க்குற்றங்களை 2004ஆம் ஆண்டுச் சட்டமே எடுத்துவிட்டது. ஆகவே முன்னணிப் படையால் மகனை இழந்த ஹூட்டுத் தாய், ஊர் மன்றத்தில் அடுத்த வீட்டார் இழப்பைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், தன் இழப்பைச் சொல்ல முடியாது.

அழுவதற்கும் அளவு வைத்தார்கள். கிசிட்டோ மிஹிகோ என்ற பாடகர் இனப்படுகொலையில் தந்தையை இழந்த டுட்சி. அரச நினைவு நிகழ்ச்சிகளில் பாடி நாடறிந்தவர். 2014இல் கொல்லப்பட்ட எல்லோருக்காகவும் ஒரு பாடல் பாடினார். அந்தப் பாடல் தடைப்பட்டது, அவர் கைதானார், 2015இல் 10 ஆண்டுத் தண்டனை, 2018இல் மன்னிப்பு. 2020 பெப்ரவரியில் பொலிஸ் தடுப்பறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது பொலிஸ்.

2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதையும், மாணவர் உண்ணாவிரதத்துக்குப் பின் அது மீண்டும் எழுந்ததையும் கண்ட வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாரை நினைந்து அழலாம் என்று அரசு தீர்மானிக்கும் இடத்தில் நல்லிணக்கம் பற்றிய எந்தப் புள்ளிவிபரத்தையும் நாங்கள் நம்பமாட்டோம். ருவாண்டாவின் நல்லிணக்க அளவீடு 2020இல் 94.7 சதவீதம் காட்டியது. கேட்டவர் அரசின் ஆணைக்குழு, பதில் சொன்னவர் அந்த அரசின் கீழ் வாழ்பவர்.

கேள்வி: ருவாண்டா வழக்கில் ஒரு தமிழ்ப் பெண் நீதிபதி இருந்தாராமே?
– ம. யோ., மானிப்பாய்

பதில்: ஆம், நவநீதம் பிள்ளை. தென்னாபிரிக்காவின் டேர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினர். ஐ.நா. பாதுகாப்புச் சபை 1994 நவம்பரில் அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயம் தன்சானியாவின் அருஷா நகரில் இயங்கியது. டாபா என்ற ஊரின் முன்னாள் மேயர் ஜோன்-போல் அக்காயேசுவின் வழக்கை விசாரித்த மூவரில் அவர் ஒருவர், ஒரே பெண். முதல் குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை இல்லை. ஒரு சாட்சி வேறொன்றைச் சொல்லும்போது தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் அந்த இழையைப் பிடித்து மேலும் கேட்டார்கள். வேறு பெண்களும் சொல்ல முன்வந்தார்கள், குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2ஆம் திகதித் தீர்ப்பு, பாலியல் வன்முறை இனப்படுகொலையின் ஒரு செயலாக அமையலாம் என்று சர்வதேச நீதிமன்றமொன்று முதன்முதலாகச் சொன்ன தீர்ப்பு. அவரே பின்னர் ஐ.நா. மனித உரிமை ஆணையாளராக 2013 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்.

அருஷா தீர்ப்பாயம் 2015 வரை இயங்கிக் குற்றம் சாட்டியவர்கள் 93 பேர், தண்டித்தவர்கள் 62 பேர். செலவு நூறு கோடி டொலருக்கும் மேல். ககாமே இதைச் சுட்டிக்காட்டிச் சர்வதேச நீதியைக் கண்டிப்பதுண்டு. ஆனால் படுகொலையைத் திட்டமிட்ட பெருந்தலைகள் வெளிநாடுகளில் ஒளிந்திருந்தார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த ஊர் மன்றத்தால் ஒருநாளும் முடிந்திராது.

கேள்வி: அடையாள அட்டையிலிருந்து இனத்தை எடுத்து, எல்லோரும் ருவாண்டர் என்று ஆக்கிவிட்டார்கள். இலங்கையிலும் 'நாமெல்லோரும் இலங்கையர்' என்பதுதானே தீர்வு என்று என் மகன் கேட்கிறான்.
– திருமதி ந., நல்லூர்

பதில்: மகனுக்கு இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். ஹூட்டு, டுட்சி இருவருக்கும் தாய்மொழி ஒன்றே, கின்யருவாண்டா. வழிபாடும் ஊரும் ஒன்று. 1930களில் பெல்ஜியர் அட்டையில் இனத்தை அச்சிட்டுப் பிரிவைக் கெட்டியாக்கினார்கள். 1994இல் வீதித்தடைகளில் அந்த அட்டையைப் பார்த்தே கொன்றார்கள். அதை நீக்கியது முற்றிலும் சரி. இங்கே பிரச்சினை அட்டையில் எழுதிய சொல்லிலிருந்து வரவில்லை. மொழி, காணி, அதிகாரம் ஆகியவற்றிலிருந்து வந்தது. அவற்றைத் தீர்க்காமல் பெயரை மட்டும் பொதுவாக்கினால், எண்ணிக்கையில் கூடியவரின் அடையாளமே பொது அடையாளமாகிவிடும்.

இரண்டாவது, ருவாண்டாவிலும் இது சட்டத்தின் பிடியில் நிற்கிறது. இனப்படுகொலைச் சிந்தனைக்கு எதிரான 2008ஆம் ஆண்டுச் சட்டம் மிகவும் பரந்ததாக இருந்தது. எதிர்க்கட்சித் தலைவி விக்டுவார் இங்கபிரே 2010 ஜனவரியில் நாடு திரும்பிய நாளே கிகாலி இனப்படுகொலை நினைவிடத்தில் நின்று, கொல்லப்பட்ட ஹூட்டுகளையும் நினைவுகூர வேண்டும் என்றார். உயர் நீதிமன்றம் 2013இல் அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தது. 2018இல் மன்னிப்பில் வெளிவந்தார்.

கேள்வி: உதவி வேண்டாம் என்கிறார் ககாமே. ஆனால் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்?
– அ. பே., வேலணை

பதில்: உதவியே வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. எப்படி வாங்குவது என்பதில்தான் அவர் வாதம், அதில் நாம் கற்க நிறைய இருக்கிறது. கொடை நாடு ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த திட்டத்தைத் தனக்குப் பிடித்த ஊரில் நடத்துவதை ருவாண்டா ஏற்கவில்லை. பணம் திறைசேரி வழியாக அரசின் திட்டத்துக்குள் வரட்டும் என்றது. 2010 அளவில் ஒரு கொடையாளர் மூன்று துறைகளுக்கு மேல் நுழையக் கூடாது என்று துறைகளையே பங்கிட்டது. சுகாதாரத்தில் இருபது பேர், நீர்ப்பாசனத்தில் ஒருவருமில்லை என்ற நிலை இதனால் குறைந்தது. போருக்குப் பின் வன்னியில் ஒரே ஊரில் மூன்று நிறுவனங்கள் கோழிக்குஞ்சு கொடுக்க, அடுத்த ஊருக்குக் கிணறும் கிடைக்காமல் போனதை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

2012இல் சோதனை வந்தது. கிழக்குக் கொங்கோவில் எம்23 கிளர்ச்சிக் குழுவுக்கு ருவாண்டா உதவுவதாக ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையிட, அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, நெதர்லாந்து முதலியன உதவியின் பகுதிகளை நிறுத்தின. அப்போது வரவுசெலவுத் திட்டத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் வெளிப்பணம். ஓகஸ்டில் 'அகச்சிரோ' என்ற நிதியத்தை ககாமே தொடங்கினார். உள்நாட்டவரும் புலம்பெயர்ந்தோரும் நிறுவனங்களும் பணம் போட்டார்கள். விருப்பப் பங்களிப்பு என்றார்கள், ஆனால் ஆசிரியர்களும் அரச ஊழியரும் சம்பளத்திலிருந்து கொடுத்தேயாக வேண்டிய நிலை இருந்தது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. மறுக்க முடியாதவரிடம் வாங்குவது நன்கொடையல்ல, வரி.

பழைய உடுப்பு விவகாரமும் உண்டு. 2016இல் இறக்குமதிப் பழைய உடுப்புக்கான வரியைக் கிலோவுக்கு 20 சதத்திலிருந்து 2.50 டொலருக்கு உயர்த்தினார்கள், உள்ளூர் ஆடைத்தொழில் வளர வேண்டும் என்று. அமெரிக்கா 2018 ஜூலையில் ருவாண்டா ஆடைகளுக்கான வரிச்சலுகையை நிறுத்தியது. அயல்நாடுகள் பின்வாங்கின, ககாமே அசையவில்லை. பழைய உடுப்பு விற்றுப் பிழைத்த சிறு வியாபாரிகள் தொழிலை இழந்தார்கள். அந்த இடத்தில் மலிவான சீன உடுப்புகளும் கடத்தல் பொருளும் வந்தன. உள்ளூர்த் தொழிற்சாலை தயாராகுமுன் கதவை மூடினால் இதுதான் நடக்கும்.

ஆபிரிக்க ஒன்றியத்தின் சீர்திருத்தப் பொறுப்பும் அவரிடம் வந்தது. தகுதியான இறக்குமதிகள் மீது 0.2 சதவீதம் அறவிட்டு ஒன்றியம் தன் செலவைத் தானே பார்க்க வேண்டும் என்று 2016 ஜூலை கிகாலி உச்சிமாநாடு தீர்மானித்தது. நல்ல திட்டம், ஆனால் எல்லா நாடுகளும் செயற்படுத்தவில்லை.

அவர் வாதத்தின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் எம்23 கிழக்குக் கொங்கோவின் கோமா நகரைப் பிடித்தது, பெப்ரவரியில் புக்காவுவைப் பிடித்தது. மீண்டும் உதவி வெட்டுகள் வந்தன. பெல்ஜியத்துடனான உறவையே ருவாண்டா முறித்தது. கொடை நாடு நம்மை அவமதிக்கிறது என்று ககாமே பேசும்போது ஆபிரிக்கா முழுவதும் கைதட்டுகிறது. அந்தப் பணம் ஏன் நிறுத்தப்பட்டது என்ற கேள்விக்குரியவர்கள் கொங்கோவின் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை.

கேள்வி: அங்கே மாதமொருமுறை எல்லோரும் சிரமதானம் செய்கிறார்களாமே?
– மாணவர் ஒன்றியம், காரைநகர்

பதில்: உமுகாண்டா. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை, 18 முதல் 65 வயது வரை. வேலை முடிந்ததும் அங்கேயே ஊர்க்கூட்டம். நமது சிரமதானத்திலிருந்து வேறுபாடு, அது சட்டக் கடமை. வராவிட்டால் தண்டப்பணம்.

கேள்வி: மேயர்கள் சனாதிபதியுடன் ஒப்பந்தம் கையெழுத்திடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பிரதேச சபையை அப்படிப் பொறுப்புக்கூற வைக்கலாமா?
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், சாவகச்சேரி

பதில்: வைக்கலாம். ருவாண்டாவிலிருந்து எடுக்கக்கூடியவற்றில் எங்கள் கணிப்பில் முதலிடம் இதற்குத்தான். பெயர் இமிஹிகோ. 2006இலிருந்து மாவட்ட மேயர்கள் ஆண்டுதோறும் பகிரங்கமாகச் சனாதிபதியுடன் கையெழுத்திடுகிறார்கள். பொருளாதாரம், சமூக நலன், நல்லாட்சி என்று மூன்று தலைப்புகள். ஒவ்வோர் இலக்குக்கும் இன்றைய நிலை, ஆண்டு முடிவில் எட்ட வேண்டிய அளவு, பணம் எங்கிருந்து என்பன எழுதப்படும். ஆண்டிறுதியில் மாவட்டத்துக்கு வெளியிலுள்ள நிறுவனம் ஒன்று களத்துக்குப் போய்ப் பார்த்துப் புள்ளியிடும். தரவரிசை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். கடைசியில் நிற்கும் மேயர் பல தடவை பதவியிழந்திருக்கிறார்.

பிழை நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. எளிய இலக்கை வைத்து முழுப் புள்ளி வாங்குவார்கள், அறிக்கையில் எண்ணை ஊதுவார்கள். இவற்றைவிட மோசமானது, இலக்கை எட்ட மக்களை நெருக்குவது. 2010–2011இல் ஓலைக்கூரை வீடுகளை ஒழிக்கும் இயக்கத்தில், மாற்று வீடு தயாராகுமுன்பே கூரைகள் பிரிக்கப்பட்டு ஏழைக் குடும்பங்கள் வெளியில் நின்றன. மேயர் அஞ்சியது மேலே இருப்பவருக்கு. கூரைக்குக் கீழே இருந்தவருக்கு அல்ல.

ஆகவே உங்கள் ஒப்பந்தம் மேல்நோக்கிப் போகக் கூடாது. வட்டார உறுப்பினர் வட்டார மக்களுடன் கையெழுத்திடட்டும். ஆண்டுக்கு ஐந்து இலக்குகள் போதும். மாதிரிக்கு ஒன்று:

பணி: சந்தியிலிருந்து குளம் வரையான வெள்ளவாய்க்கால், 600 மீற்றர். இன்றைய நிலை: 200 மீற்றர் துப்புரவு, ஒரு மதகு உடைவு. இலக்கு: செப்டெம்பர் 30க்குள் 600 மீற்றரும் துப்புரவு, மதகு திருத்தம். பணம்: சபை நிதி இவ்வளவு, சங்கத்தின் உழைப்பு இவ்வளவு. பொறுப்பு: சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அளப்பவர்: சனசமூக நிலையம், மாதர் சங்கம், பக்கத்து வட்டாரத்தவர் ஒருவர்.

திகதி மிக முக்கியம். ஐப்பசி மழை தொடங்கியபின் வாய்க்கால் வெட்டினோம் என்பது செய்யாததற்குச் சமம். 'மேம்படுத்தல்', 'ஊக்குவித்தல்' போன்ற அளக்க முடியாத சொற்களை அனுமதிக்காதீர்கள். சபையின் அதிகாரத்தில் இல்லாதவற்றையும் சேர்க்காதீர்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதிக்கு உறுப்பினரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காலாண்டுக்கு ஒருமுறை அளந்து, கண்டதை சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள். உறுப்பினர் கையெழுத்திட மறுத்தால் அதையும் ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கிய குடிநீர்த் திட்டம் பாதியில் நிற்கிறது. தொண்டு நிறுவனம் பிரதேச செயலகத்தைக் கைகாட்டுகிறது, அவர்கள் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார்கள். யாரிடம் கேட்பது?
– பாவனையாளர் குழு, பருத்தித்துறை

பதில்: இருவரிடமும், எழுத்தில், ஒரே நாளில். முதலில் அந்தப் பணம் நன்கொடையா கடனா என்று அறியுங்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கிடைத்தது நன்கொடை. யாழ். ரயில் பாதை மீண்டும் போடப்பட்டது இந்தியக் கடனில். கடன் என்றால் திருப்பிக் கட்டுபவர்கள் நீங்கள், கேட்கும் உரிமை இன்னும் கூடும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் தொண்டு நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பான தகவலைத் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 'திட்டத்துக்கு என்ன நடந்தது?' என்று கேட்டால் ஒரு வரியில் மழுப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: நிதி ஒப்பந்தத்தின் பிரதி, மதிப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தகாரரின் பெயரும் தொகையும், இதுவரை கொடுத்த ஒவ்வொரு கொடுப்பனவின் திகதியும் தொகையும், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டு அறிக்கை, வேலை நின்ற திகதிக்குரிய கடிதங்கள். கொடுப்பனவையும் அளவீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலை செய்யாமல் பணம் போயிருக்கிறதா, பணம் வராமல் வேலை நின்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையிடுங்கள். அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பெரும்பாலானோர் தோற்பது முதல் மேன்முறையீட்டுக்கான நாட்களைத் தவறவிடுவதால்தான். பதிவுத் தபால் துண்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து, குழுவின் செயலாளரிடமும் இன்னொருவரிடமும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.